இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர்

ஆனி 12, வெள்ளி. காலை ஐந்தரை மணிக்கு ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் அண்ணையின் உயிர் பிரிந்தது. எட்டு மணிக்கு உடல் வேலணை வீட்டுக்கு வந்தது. பத்து மணிக்கு மரண அறிவித்தலை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன்: 'இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர்.' ஆனி 13, சனி. தகனம்.

அறிவித்தலில் பொய் எதுவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் இலங்கை இராணுவத்தில் இருந்தார் என்பது மட்டும் இல்லை.

இன்று அவருடைய அலுமாரியை ஒதுக்கத் திறந்தேன். பித்தளை மினுக்கும் களிம்பின் வாடை. விடுமுறையில் வந்தால் இடுப்புப்பட்டியின் கொளுக்கியை மினுக்குவார். களிம்பு மிஞ்சினால் அம்மாவின் விளக்குகள். இன்னும் மிஞ்சினால் வாசல் பூட்டு. கள்ளனுக்கு இருட்டில் தேட வேண்டியிராது என்று நான் கேலி செய்வேன். கேலிதான் அந்நாளில் என் படிப்பின் பெரும்பகுதி.

சார்ஜன்ட் ஆவதற்குச் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஐந்து முறை தவறினார். முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை மாமர நிழலில் இருந்து எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். பல்கலைக்கழக மாணவனான நான் சிரித்தேன்.

"சிரியும், ஐயா, சிரியும். நீர் படிச்ச மனிசன்," என்றார், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆறாம் முறை சித்தியடைந்தார்.

சண்டைக் காலத்தில் தெற்கே ஒரு முகாமில் வாகனங்கள் திருத்திக்கொண்டிருந்தார். ஊருக்கு வரவேண்டாம் என்று அவருக்கு எழுதியவன் நான். இயக்கத்தவர் வீட்டுப் படலைக்கு வந்து அவரை விசாரித்த காலம்; என் அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஒருமுறை கொழும்பில் சந்தித்தபோது சொன்னார்: "முகாமிலை என்னைப் புலி எண்டினம். ஊரிலை ஆமிக்காரன் எண்டினம். சாப்பிட்டியோ எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கினமில்லை."

சண்டை முடிந்து அவர் ஊருக்குத் திரும்பிய பின்னும் நான் மாறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேருந்தில் ஒருவர் அவரிடம், "அண்ணை என்ன உத்தியோகம் பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"வாகனம் திருத்துற கராச்சிலை," என்று நான் முந்திக்கொண்டேன்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் அண்ணை கேட்டார்: "அவர் என்னட்டையெல்லோ கேட்டவர்?"

இறப்பதற்கு முதல்நாள் வைத்தியசாலையில் என்னை அருகில் அழைத்தார். "பேப்பரிலை போடேக்கை சார்ஜன்ட் எண்டு போடு. ஆறுதரம் எழுதி எடுத்தது."

"ஓம் அண்ணை," என்றேன்.

சனிக்கிழமை காலை பத்திரிகை வந்தது. அண்ணி அறிவித்தலை இருமுறை வாசித்தார். பின் அதை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது ஆருடைய அறிவித்தல், தம்பி?"

அண்ணை எங்கே, என்ன வேலை என்று முன்னர் படலையில் வந்து விசாரித்தவர்கள் எவரும் இன்று இல்லை. வீதித் தடையும் இல்லை. யாருக்குப் பயந்து அப்படி எழுதினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இன்னும் செய்யாதவை:

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகத்தில் அவருடைய சேவையை எழுதுதல்.

சீருடையில் எடுத்த படத்தைக் கண்ணாடியிட்டு மாட்டுதல்.

அண்ணிக்கு மறுமொழி சொல்லுதல்.