கணக்குப் பரீட்சையில் ஒரு சிலுவை

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்குக்கு சயின்ஸ் குரூப்பை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. திண்டிவனத்தில் எங்கள் பள்ளியில் எனக்கென்று மிச்சம் இருந்தது காமர்ஸ் குரூப்தான். "எந்த குரூப்பா இருந்தா இன்னா, பொண்ணு ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தா போதும்" என்று அம்மா சேர்த்துவிட்டாள். அவள் மல்லாட்டை மண்டியில் கூலிக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டாவது தேறினால் காலேஜ், தேறாவிட்டால் மண்டியில் அம்மா பக்கத்தில் எனக்கும் ஒரு சாக்கு விரிப்பு. இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

கணக்குப்பதிவியல் என்ற பெயரைக் கேட்டதும், கணக்குக்கு ஒரு அக்கா இருக்கிறாள் போல என்று நடுங்கினேன். வந்து பார்த்தால் கூட்டல், கழித்தலைத் தாண்டவில்லை. படுத்தியது வேறு விதத்தில். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்றார் சார். கடைக்குப் பணம் வந்தால் அதைப் பற்று என்று எழுத வேண்டுமாம். உலகத்தில் எவனாவது இப்படி எழுதுவானா என்று ஒரு மாதம் அவரோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். முதலாளி தன் சொந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி தூக்கிக்கொண்டு போனாலும் அதை எழுதி வைக்க வேண்டும் என்றார். கடை வேறு, முதலாளி வேறு. அவன் அரிசியை அவன் தின்பதற்கு எதற்கு சார் கணக்கு என்று எழுந்து கேட்டேவிட்டேன். அதை நீ கடை வைத்த பிறகு கேள் என்று உட்காரவைத்தார்.

சார் கறார் ஆள்தான். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. போர்டைத் துடைத்ததும், கணக்கைத் தொடங்கும் முன் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். கடைக்காரன் புதுக் கணக்கை அப்படித்தான் தொடங்குவான், நாமும் அப்படியே தொடங்குவோம் என்பார். வகுப்பே சுழி போட, நாங்கள் வேதக்காரக் குடும்பம், நான் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். நீ உன் சாமியைப் போட்டுக்கொள், கணக்குக்கு எல்லா சாமியும் ஒன்றுதான் என்றார். அன்று போட்டேன் சின்னதாக ஒரு சிலுவை. முஸ்லிம் வீட்டுப் பெண்கள் 786 போட்டுக்கொண்டார்கள். தமிழ் நோட்டில் எனக்குச் சிலுவை கிடையாது, வணிகவியல் நோட்டிலும் கிடையாது. கணக்குப்பதிவியலில் மட்டும், பக்கத்தைப் புரட்டினால் கை தானாகப் போட்டுவிடும்.

அந்த வருஷக் கடைசியில் இருப்புநிலைக் குறிப்புக்கு வந்தோம். இடது பக்கம் முதலும் கடன்களும், வலது பக்கம் சொத்துகள். இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு டேலி ஆவது என்று பெயர். எனக்கு ஆகவே ஆகாது. வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பார், அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கும் என்று சார் ஒரு வழி சொன்னார். வகுத்தேன், தேடினேன். ஒரு வாடகைத் தொகை திருடன் மாதிரி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இடம் மாற்றிப் போட்டேன், டேலி ஆனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. சரியா தப்பா என்று இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

பன்னிரண்டாவது பொதுத்தேர்விலும் பெரிய கணக்கு முதல் தடவையே டேலி ஆனது. துள்ளிக்கொண்டுதான் வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் என் பெஞ்சுக்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் அறையில் ஒரு பையன் சுழி போட்டதை மேற்பார்வைக்கு வந்தவர் பார்த்துவிட்டாராம். சாமி குறி போடுவது ஆளைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம், பேப்பரே செல்லாது என்று சத்தம் போட்டு, சுழியைப் பேனாவால் அடிக்கவைத்தாராம். "நல்லவேளை, நான் ஜல்தியா அடிச்சிட்டேன். நீ?" என்று கேட்டாள். என் அறைக்கு வந்தவர் எதையும் பார்க்கவில்லை. என் பேப்பரில் பக்கத்துக்கு ஒரு சிலுவை நின்றது.

அந்த லீவில் அம்மாவோடு மண்டிக்குப் போனேன். சிலுவை சமாச்சாரத்தை மறைத்துவிட்டேன். அந்தோணியாரிடம் சொல்லி அழலாம் என்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனால், முட்டி போட்டு சிலுவை அடையாளம் வரையக் கையைத் தூக்கியதுமே அந்தப் பேப்பர்தான் கண்முன்னே வந்தது. சிலுவையால் வந்த வம்புக்கு அங்கேயே போய் எப்படி மனு கொடுப்பது? எழுந்து வந்துவிட்டேன். மண்டியில் பருப்பைக் குப்பையிலும் தொலியைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்துத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள். குத்திக் குத்திக் கேட்டாள், சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், சார் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். பேப்பர் திருத்த விழுப்புரம் போயிருக்கிறார் என்றேன். மறுநாள் கூலியை விட்டுவிட்டு என்னை பஸ் ஏற்றினாள்.

பேப்பர் திருத்தும் பள்ளியின் கேட்டைப் போலீஸ்காரர் தாண்ட விடவில்லை. எதிரே ஒரு புளியமரத்து நிழலில் நின்றோம். மத்தியானம் சாப்பிட வெளியே வந்த கூட்டத்தில் சாரும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இங்கே வரக்கூடாது, பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று அடிக்குரலில் சொன்னார்.

"மார்க்கு கேக்க வரலைங்க சார்" என்றாள் அம்மா. "புள்ள சிலுவ போட்டுட்டுச்சாம். அதுக்காக பேப்பரைத் தள்ளிடுவாங்களா, அது மட்டும் சொல்லுங்க. பத்து நாளா சோறு எறங்கல அதுக்கு."

சார் என்னைப் பார்த்தார். "பேலன்ஸ் ஷீட் டேலி ஆச்சா?"

"ஆச்சு சார்."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல பஸ் ஏறி வந்தே? பேரும் ஸ்கூலும் எழுதினாத்தாம்மா தப்பு. சாமி குறிக்கெல்லாம் பேப்பரைத் தள்ளினா இந்த ஜில்லாவுல ஒருத்தனும் தேற மாட்டான். காலையிலேர்ந்து பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையாரைத்தான் பார்த்துக்கினு இருக்கேன்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பழக்கிவிட்டது நான்தானே என்று சார் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கள் இருவருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்துவிட்டார். அவ்வளவு இனிப்பான கரும்புச்சாற்றை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

பிறகு ரிசல்ட் வந்து, மாலைப் பேப்பரில் என் எண்ணைப் பார்த்து, பி.காம். சேர்ந்து, இன்றைக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் நான் மூச்சு விட்டது அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில்தான். முண்டியம்பாக்கம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"நாளையிலேர்ந்து நீ மண்டிக்கு வராத" என்றாள்.

"ஏம்மா?"

"காலேஜுக்குப் போற பொண்ணு, வெரலெல்லாம் கிழிச்சிக்கினு எதுக்கு?"

"ரிசல்ட் வரட்டும்மா. இன்னும் நாள் கெடக்குது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். அவளுக்குப் பற்றும் தெரியாது, வரவும் தெரியாது.

"அதான் டேலி ஆயிடுச்சின்னு சொன்னியே" என்றாள்.