துறைமுகம் திறக்கும் வரை

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் புதுக் கணினி முடியாது என்று சொல்லிவிட்டது. அவர் உட்காரக்கூட நேரம் தராததுதான் அவளுக்குப் பெரிய பிரச்சினை. விளையாட்டு திறக்காததுகூட அதற்குப் பிறகுதான்.

"என்னம்மா சொல்லுது?"

"இதுல அது ஓடாதாம்ப்பா."

"ஓடாதா. சரி." பாதி உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். "டீ போடவா?"

வேண்டாம் என்று அவள் சொல்லி முடிக்கும்போது சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது.

அப்பா லிஃப்ட்காரர். நகரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிஃப்டின் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் சொல்லும் மாடிக்குப் பொத்தானை அழுத்துவதே அவர் வேலையாக இருந்தது. லிஃப்டுக்குள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மனிதர்கள் என்னென்னவோ சொல்லிவிடுவார்கள். மேலாளர் தன் மனைவி பிரிந்துபோனதை அந்த எண்ணிடம்தான் சொன்னார். கூட்டுகிற அம்மா தன் மகன் பாஸானதையும் அதனிடம்தான் சொன்னாள். கதவு திறந்தால் பேச்சு அறுந்துவிடும். மிச்சம் வேண்டுமென்றால் மறுபடி லிஃப்ட் ஏற வேண்டும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்தால் அப்பாவிடம் "ம்", "சரி", "சாப்பிடு" தவிர வேறு வார்த்தை கிடையாது. நாக்கை அந்த ஸ்டூலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தவர் போல இருப்பார்.

அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, யாரோ வைத்திருந்த பழைய கணினி ஒன்றை அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். கணினி இல்லாமல் எப்படிப் படிப்பாள் என்று அவருக்குக் கவலை. அதன் வயிற்றுக்குள் பழைய சொந்தக்காரர் எடுக்க மறந்த ஒரு சிடி இருந்தது. துறைமுக விளையாட்டு. கப்பல்கள் வரும், அவற்றுக்கு இடம் பார்த்துக் கட்ட வேண்டும், சரக்கை இறக்கி அனுப்ப வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை, அப்பா பிடித்துக்கொண்டார்.

அந்தப் பழைய டப்பா விளையாட்டைத் திறக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும். கறுப்புத் திரையின் அடியில் ஒரு கோடு வளரும். பக்கத்தில் ஓர் எண், மாடிப்படி ஏறும் பருத்த மனிதர் மாதிரி நின்று நின்று நூறுக்குப் போகும். ஒரு நாள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அப்பா, "உங்கம்மாவை இனிமே ஆஸ்பத்திரில வச்சிருக்க வேணாமாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க" என்றார். நல்ல செய்திதானே என்று அவள் நினைத்தாள். எண்பதைத் தாண்டும்போதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. நூறு வந்ததும் அப்பா மவுஸைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு எல்லாச் செய்தியும் அந்த வழியாகவே வந்தது. லிஃப்ட் தானே இயங்கத் தொடங்கியதையும், தன்னைப் பார்சல் அறைக்கு மாற்றியதையும், படியில் தலைசுற்றி விழுந்ததையும் அப்படித்தான் சொன்னார். அவர் கணினியைப் போடும் சத்தம் கேட்டால், துவட்டிக்கொண்டிருக்கும் தலையோடு ஏதோ எடுக்க வந்தவள் போல அவள் பக்கத்தில் வந்து நிற்கப் பழகிக்கொண்டாள்.

தலைசுற்றல் நிற்காததால் போன மாதம் பெரிய மருத்துவமனையில் பரிசோதனை செய்தார்கள். முடிவைக் கேட்க அப்பா தனியாகவே போய்விட்டு வந்தார்.

"டாக்டர் என்னப்பா சொன்னார்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அந்த வாரமே பழைய கணினி புகைந்து அடங்கியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரிப்பேர்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இத ரிப்பேர் பண்ணணுமா, அடக்கம் பண்ணணுமா?"

"உள்ள ஒரு கேம் இருக்கு. அது மட்டும் வேணும்."

"யாருக்கு, உங்க பையனுக்கா?"

"எங்கப்பாவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. அப்பா கட்டிய துறைமுகத்தைப் பத்திரமாக ஒரு பென் டிரைவில் எடுத்துத் தந்தார். புதுக் கணினி ஒன்றையும் அவளிடம் விற்றார்.

தெருவில் அவளுக்கு 'என்ஜினீயர்' என்று பெயர். படித்தது புள்ளியியல். வேலை, தொலைபேசியில் உட்கார்ந்து, கணினி மக்கர் செய்கிறது என்று அழைப்பவர்களுக்கு வழி சொல்வது. "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்பதை அவள் தூக்கத்திலும் சொல்வாள். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கிறது. சொந்த வீட்டில் ஒரு சிடி அவளை மதிக்கவில்லை.

இணையத்தில் போட்டிருந்தபடியெல்லாம் செய்தாள். பழைய விண்டோஸ் போல நடந்துகொள் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். நிறத்தைக் குறைத்தாள், திரையைச் சுருக்கினாள், முழு அதிகாரத்தோடு ஓடு என்றாள். ஒவ்வொரு முறையும் அப்பா வந்து பாதி உட்காருவார். ஒரு தடவை வாயைக்கூடத் திறந்தார்.

"அன்னிக்கு அந்த டாக்டர் வந்து..."

டிங். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது.

"ஓடலையா. சரி விடு" என்று எழுந்துவிட்டார்.

அத்தை தொலைபேசியில் பிடிபிடி என்று பிடித்தாள். "எங்கண்ணன் வாயிலேருந்து வார்த்தையப் புடுங்குறதுக்குப் பல்லைப் புடுங்கிடலாம். நீ அவ்வளவு படிச்சிருக்க, பக்கத்துல உக்காந்து கேக்கத் தெரியாதா?"

கேட்டாயிற்று, அத்தை. சாப்பாட்டில் கேட்டு, துணி மடிக்கையில் கேட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதும் கேட்டாயிற்று. ஆனால் அவள் வேறொன்றையும் யோசித்துப் பார்த்தாள். இது திறக்க வேண்டும் என்று தனக்கு உண்மையிலேயே ஆசையா? திறக்காதவரை செய்தியும் இல்லை. ஒவ்வொரு முறை திரையில் அந்த அறிவிப்பு டிங் என்று வந்து நிற்கும்போதும், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்ததை அவளால் மறுக்க முடியவில்லை.

அலுவலகத்தில் அடுத்த மேசைத் தாடிதான் வழி சொன்னான். "அதோட மல்லுக்கட்டாத. பழைய கம்ப்யூட்டரா நடிக்கிறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. அதுக்குள்ள போட்டா, கேம், தான் இன்னும் பழைய வீட்டுலயே இருக்கறதா நினைச்சுக்கும்."

"ஏமாத்துறதா?"

"நாம இங்க வேற என்ன பண்றோம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை அதை நிறுவினாள். ஓடியது. சத்தத்தோடு, பழைய நிறத்தோடு, அப்பாவின் துறைமுகமே வந்தது. அவள் நாற்காலியிலிருந்து துள்ளாத குறை.

"அப்பா, வாங்க. வந்துடுச்சு."

அப்பா ஈரக் கையோடு வந்தார். அவர் கண்ணெதிரே ஒருமுறை மூடிவிட்டுத் திறந்து காட்டினாள். கறுப்புத் திரை ஒரு சிமிட்டல், உடனே கடல். கோடும் இல்லை, எண்ணும் இல்லை. கப்பல்கள் பேய் பிடித்த மாதிரி பாய்ந்து வந்து முட்டிக்கொண்டன. இறக்கிய சரக்கு காணாமல் போனது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?"

அவளும் சிரித்தாள். அப்பா மவுஸைப் பிடித்துக்கொண்டு, தறிகெட்டு ஓடும் கப்பல்களைத் துரத்தினார். அவள் பின்னால் நின்று காத்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. லிஃப்டைச் சரிசெய்யச் சொன்னால், மாடிகளையே எடுத்துவிட்ட கதை. எதைச் சரிசெய்யக் கூடாதோ அதைச் சரிசெய்திருக்கிறாள்.

அப்பா குளிக்கப் போனபோது அவள் மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் புரோகிராமில் வேகத்துக்கென்று ஓர் அமைப்பு இருந்தது. குறைத்தாள். கப்பல்கள் நிதானத்துக்கு வந்தன. நியாயமாக அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் குறைத்தாள். மூடித் திறந்தாள். கறுப்புத் திரையின் அடியில் அந்தக் கோடு வந்தது. பக்கத்தில் எண், பழையபடி நின்று நின்று மூச்சு வாங்கி ஏறியது. பெற்ற அப்பாவைப் பேச வைக்க ஒருத்தி இவ்வளவு சூழ்ச்சி செய்ய வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே, திறந்ததை மறுபடி மூடினாள்.

அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தார்.

"கப்பலைச் சரிபண்ணிட்டேன். பாருங்க."

எண் பூஜ்யத்தில் நின்றது. அப்பா இந்த முறை முழுதாக உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று திரையையே பார்த்தாள்.

"பழைய டப்பா மாதிரியே தூங்குதே" என்றார் அப்பா.

"ஆமாப்பா. இதுக்கு மேல வேகம் வராது."

முப்பது தாண்டியது. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. உன் வயசுதான் இருக்கும்."

நாற்பது.

"படத்தையெல்லாம் வெளக்குல வச்சுப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம், தனியாவா வந்தீங்கன்னு கேட்டுச்சு."

அறுபது. எண் அங்கேயே நின்றது. போகாதே என்று அவள் அதனிடம் மனதுக்குள் கெஞ்சினாள்.

"ஆமான்னேன். வீட்டுலேருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட சொல்றேன்னுச்சு. எங்கிட்டயே சொல்லும்மா, நான் கேட்டுக்குறேன்னேன். இல்லைங்க, கூட்டிட்டு வாங்கன்னுச்சு."

எண்பதைத் தாண்டி ஓட ஆரம்பித்தது.

"உனக்கு லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும்ப்பா. நாளைக்கே போலாம். வேற ஏதாவது சொன்னாங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். நூறு. கடல் வந்துவிட்டது. கப்பல் ஒன்று தூரத்தில் மிக மெதுவாகத் திரும்பியது. அப்பாவின் கை மவுஸுக்குப் போனது.

"அப்பா, ஒரு தடவை மூடிட்டுத் திறக்கலாமா? சத்தம் கொஞ்சம் சரியா வரல."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி நேராகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. எல்லாம் தெரிந்த பார்வையாக இருந்தது. என்ன தெரியும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாம்மா," என்றார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு."

திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. வந்த கப்பல் வாசலில் நின்று ஊதியது. அப்பா அதை உள்ளே விடவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.