கடைசி மனிதனுக்கு நான் சொன்ன விமர்சனம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூரியநெல்லியில் எங்கள் தேயிலை எஸ்டேட் கிளப்பில் ஓர் ஆங்கிலப் படம் போட்டார்கள். கொள்ளைநோயில் ஊர் உலகமே செத்துப்போக, ஒருவன் மட்டும் தனியாக வாழ்கிற கதை. முடிந்ததும் கிளப் செயலாளர், "யாராச்சும் விமர்சனம் சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன்.

பெரியம்மையில் என் வீட்டில் எல்லாரும் போய், நான் ஒருத்தி மட்டும் பிழைத்தவள். முகத்துத் தழும்புக்குப் பயந்து, கொழுந்து பறிக்கும்போதுகூட என் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். ஆனாலும் பேசினேன்.

"கடைசியில இன்னொரு ஆளப் பாத்ததும் அவன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கான். அது பொய். அம்மை எறங்குன பொறவு, என்கிட்ட ஒருத்தர் மொதமொதல்ல பேசுனப்போ எனக்குப் பேச்சே வரல. தனியாக் கெடந்தா பேச்சுதான் மொதல்ல மறக்கும். படம் எடுத்தவருக்கு அது தெரியல."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. என்னோடு வேலை செய்யும் ராசாத்தி பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டாள்.

"ஏட்டி, இங்கன வந்து உக்காரு. இன்னும் சொல்லு."

அவள் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து, விளக்கை அணைக்கும்வரை பேசினேன். நோயிலிருந்து எப்போதோ பிழைத்துவிட்டேன். மனிதர்களுக்குள் திரும்பி வந்தது அந்த மாலையில்தான்.