அப்பா எனக்காக இருமினார்

எனக்கு இருபத்தோரு வயது முடிந்ததும் அப்பாவின் அட்டையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கெமிக்கல் கலக்கும் அறையில் வேலை பார்த்தார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கம்பெனி கொடுத்த அட்டை அது. அதைக் காட்டினால் குடும்பம் முழுவதற்கும் இலவச வைத்தியம். வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் அட்டை ஆஸ்பத்திரி என்றுதான் பேர். சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உள்ள எனக்கு மாதா மாதம் மாத்திரை அங்கிருந்துதான் வரும்.

மாத்திரை கொடுக்கிறவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "படிக்கிற ஆம்பளப் பிள்ளைக்கே இம்புட்டுதான். பொம்பளப் பிள்ளைன்னா கல்யாணம் வரைக்கும் உண்டு." வருடத்துக்கு ஒரு தும்மல்கூடத் தும்மாத என் அக்காவுக்கு அட்டையில் இடம் இருந்தது. பல்லிலிருந்து எடுத்ததை அவர் சுண்டிவிட்டார். அது என் கை அருகே விழுந்தது. அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

அப்போது விருதுநகரில் ஒரு மல்லி, வத்தல் மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி பாய் தங்கமான மனிதர். ஆனால் நாலு பேர் வேலை பார்க்கும் கடைக்கு ஏது அட்டை? அப்பா தன் போர்மேனிடம் கேட்டுப் பார்த்தார். "மகன நம்ம கம்பெனியிலயே சேத்து விடும். மறு மாசமே அட்டை வந்துரும்" என்றாராம் அந்த மகராசன். காலி இருந்தது அலுமினியப் பொடி சலிக்கிற அறையில். அந்தப் பொடி அப்பாவின் இமைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாலே எனக்கு மூச்சு முட்டும். இளைப்புக்கு மாத்திரை வேண்டுமானால் இளைப்பு வருகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். இதை யோசித்து வைத்தவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான்.

"நீ ஏம்லே கவலப்படுத? ஒனக்காக நான் இருமுறேன்" என்றார் அப்பா.

முதல் தடவை நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அட்டையில் இல்லாத யாருக்கோ பதிலாக வந்தவர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. மாமியாரின் மூட்டுவலிக்காக ஒரு அம்மா நொண்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் அறைக்கதவு திறக்கும்போது மட்டும் நொண்டினாள். கட்டிக்கொடுத்த தங்கச்சியின் வயிற்றுவலியைத் தன் வயிற்றில் பிடித்தபடி ஒருவர் நின்றார். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. அப்பாவின் முறை வந்ததும் குனிந்து, தோளை உயர்த்தி, நான் இளைக்கும்போது விசில் அடிக்குமே அதே சத்தத்தோடு இருமினார். டாக்டர் தலையைத் தூக்காமலே எழுதிக்கொடுத்தார். மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்து அப்பா சிரித்தார். எனக்குச் சீ என்றிருந்தது. இந்தப் பிச்சை வேண்டாம், சொந்தமாக ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

ஆமத்தூரில் எங்கள் வீடு தேடி ஏஜெண்ட் வந்தார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த அண்ணாச்சிதான். அம்மா வைத்த காராச்சேவைத் தட்டோடு மடியில் எடுத்துக்கொண்டு, விரலை நக்கி நக்கித் தாளைப் புரட்டினார். "எளப்பு இருக்குன்னு சொன்னா நெஞ்ச விட்டுட்டு மத்த சீக்குக்கெல்லாம் பணம் தருவாக. சொல்லலைன்னா நாலு வருசத்துல நெஞ்சும் சேந்துரும். எது வேணும்னு தம்பியே முடிவு பண்ணட்டும்" என்றார். கசாப்புக் கடையில் கேட்பது போல இருந்தது. பட்டாசு ஏரியா என்பதால் மதுரையிலிருந்து ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், அவர் முன்னால் மட்டும் இளைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு தட்டில் மிச்சம் இருந்ததையும் வாயில் போட்டுக்கொண்டு போனார். மறைத்துவிடலாம் என்பது அப்பாவின் தீர்ப்பு. நானும் சரி என்றேன்.

ஆபீசர் வருவதற்குள் அடுத்த மாத மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அட்டை ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா. அப்பா இருமியதும் பேனாவை எடுக்காமல் சட்டையைக் கழற்றச் சொன்னார். குழாயை முதுகில் வைத்துக் கேட்டார், நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"போன மாசந்தான் தாயி" என்றார் அப்பா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க மகனா? இவருக்கு நல்லா முத்திப் போயிருக்கு. போன மாசம் கொடுத்த மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டாரா இல்லையா?"

சாப்பிட்டது நான் அல்லவா.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வெளியே வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைக்குக் கூப்புட மாட்டான். வேல போச்சுன்னா அட்டையும் போயிரும். அப்புறம் ஒனக்கு யாரு இருமுவா?" என்றார், ஏதோ நான்தான் விவரம் கெட்டவன் போல. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாளும் அவர் நடிக்கவே இல்லை. அவர் பங்கை நான் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசரும் ஏஜெண்டும் வந்தார்கள். ஆபீசருக்கு எங்கள் நாற்காலியில் உட்கார மனசில்லை. கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். எனக்கு நல்ல வேளையாக அன்று மூச்சு சீராக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. வாசற்படி ஓரமாக உட்கார்ந்து துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா?"

"ஒருத்தருக்கும் கெடயாது சார்" என்று ஏஜெண்ட் முந்திக்கொண்டார். "பெரியவர் இன்னும் மூட்டை தூக்குவாரு. என்ன அண்ணாச்சி?"

அப்பா தலையை ஆட்டினார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆஸ்பத்திரியில் எனக்காக இருமிய மனிதர், இங்கே எனக்காக இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆபீசரோ செல்போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குட்டையும், அந்தச் சேவுத் தட்டும், நாலு வருடம் கழித்து எனக்குக் கிடைக்கப்போகிற நெஞ்சும் எல்லாமே நாறின.

"எழுதிக்கோங்க சார். அப்பாவுக்கு எளப்பு இருக்கு. எனக்கும் இருக்கு" என்றேன். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அப்பா, இருமுங்க" என்றேன்.

"கெடுத்துட்டியேலே" என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு முதலில் வந்தது இருமல்தான். ஏஜெண்டின் வண்டி தெருமுனை தாண்டிய பிறகும் அது நிற்கவில்லை.

நெஞ்சு நீங்கலாக எனக்கு ஒரு பாலிசி வந்தது. அடுத்த மாதமும் அப்பாதான் வரிசையில் போய் நின்றார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தவர், தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, என்னைப் பார்க்காமலே பங்கு வைக்க ஆரம்பித்தார்.

"ஒனக்கொண்ணு. எனக்கொண்ணு."