வேலியேறிப் போகும் அணி

சென்ட் லோரன்ட் பூங்கா, ஞாயிறு காலை. வாசல் திறந்திருக்க, மஞ்சள் சட்டை போட்ட பத்துப் பேர் கம்பிவேலி ஏறி மைதானத்துக்குள் குதிக்கிறார்கள். கடைசியாக ஏறும் மோசஸ் என் மைத்துனரோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அங்கே பழகிய தமிழில் என்னைக் கூப்பிடுகிறார்.

"அண்ணை, கோலுக்கு ஆள் இல்லை. வாங்கோ!"

"ஏன் வாசலால போகேல்லை?" என்கிறேன் மெதுவாக.

"எதிராளி வாசல்ல சூனியம் வைப்பான். சிம்பாப்வேயில நான் சம்பளத்துக்கு ஆடின சுரங்கக் கம்பனிக் கிளப் வேலியாலதான் உள்ள போகும். சுரங்கத்தை மூட, கிளப்பும் முடிஞ்சுது. அந்தப் பேரில இப்ப ஆடுறது நாங்கள் மட்டும்தான்."

"எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது."

"பதினொரு பேர் இல்லாட்டி ஆடாமலே தோல்வி. ஆடித் தோப்பம், வாங்கோ!"

கூச்சத்தில் காது சுடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன். உச்சியில் ஒரு காலைத் தூக்கி மற்றப் பக்கம் போடுகிறேன். கீழே பத்துப் பேரும் என்னைப் பிடிக்கக் கைகளை நீட்டியபடி நிற்கிறார்கள்.