குமுளி வரை ஒரு எஸ்பிரெசோ

காலை 6.20, சின்னமனூர். பொங்கல் கழிந்த மூன்றாவது வாரம். என் மாமனார் புரூனோ இந்தியாவுக்கு வந்து இது மூன்றாவது காலை. டபராவுக்குள் டம்ளரை வைத்து, நுரை விளிம்பைத் தாண்டி எழுந்து நிற்கும்படி ஊற்றிய காபியை அம்மா அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். புரூனோ கால்சட்டைப் பைகளிலிருந்து கைகளை எடுக்கவே இல்லை. தலையை மட்டும் அசைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"எஸ்பிரெசோ."

பாலும் சர்க்கரையும் இல்லாத காபி அது. பொடி வழியாக வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்தில் இறக்குவார்கள். கட்டைவிரல் உயரமுள்ள கனத்த பீங்கான் கோப்பையில் அதுவும் பாதிக்குமேல் இருக்காது. இத்தாலியில் தெருவுக்கு நான்கு கடையில் கிடைக்கும். சின்னமனூரில் கிடைக்காது.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏலே, மூணு நாளாச்சு. நம்ம வீட்டுல பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்கல அந்த அண்ணன். பாட்டில் தண்ணியத்தான் குடிக்கிறாக. சோத்தையும் ரூமுக்குள்ள கொண்டுபோயி கதவச் சாத்திக்கிட்டுத் திங்கிறாக. நம்ம கை பட்டதுன்னு கூசுறாகளோ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. அவுக பழக்கம் வேற."

"என்ன பழக்கமோ," என்றார் அம்மா. காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவர் வீட்டில் கைநனைக்க மறுத்தால் அதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொங்கிப் போட்டவர் அம்மா. அப்பா போன பிறகு தனியாக இருக்கிறார். மிலானில் வேலை செய்யும் நான் அங்கேயே கியாராவைத் திருமணம் செய்துகொண்டபோது, மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தி முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார் என்று சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு கசப்பு இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு, பதிவுத் திருமணம் முடிந்த மதியம், எல்லோரும் கோப்பையை உயர்த்தி வாழ்த்தினார்கள். புரூனோ மட்டும் பைக்குள் கைகளை விட்டபடி நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பை நான் மறக்கவில்லை.

முந்தின நாள் தேனி வரைக்கும் போயிருந்தேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். "எஸ்பிரசோவா? இருக்கு சார்," என்றார் பேக்கரிக்காரர். கல்யாண வீடுகளில் புஸ்ஸென்று சத்தம்போடும் எந்திரத்தில் பாலை நுரைக்கவிட்டு, மேலே சாக்லேட் தூள் தூவித் தந்தார். நாற்பது ரூபாய். நம் ஊரில் அந்தப் பெயருக்கு அதுதான் காபி. தளும்பத் தளும்ப இருந்த அந்தக் காகிதக் கோப்பையைப் புரூனோ தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

காலை 7.15. பாண்டியின் காரில் கிளம்பினோம். பாண்டி என்னோடு பத்தாவது வரை படித்தவன். குமுளிக்குப் போக வர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசியிருந்தோம். கேரள எல்லையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஊர் என்பதால் அங்கே உண்மையான எந்திரம் இருக்கும் என்று அவன்தான் சொன்னான். எங்கள் இரண்டு வயது மகள் மீராவுக்குக் காய்ச்சல். அதனால் கியாரா வீட்டிலேயே இருந்துவிட்டாள். அப்பாவை நீயே கூட்டிப்போ என்றாள். புரூனோவும் நானும் தனியாக ஒரு பயணம் போவது அதுவே முதல் தடவை.

அவர் டூரின் நகரத்தில் முப்பத்தைந்து வருடம் டிராம் ஓட்டியவர். எழுபத்திரண்டு வயது. மனைவி இறந்து பத்து வருடமாகிறது. முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். வலதுபக்கம் வாழை, இடதுபக்கம் தென்னை, இரண்டுக்கும் பின்னால் மலை. டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியபோது அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. பாண்டி அதைக் கவனித்துவிட்டான்.

"மாப்ள, ஒம் மாமனாரு நல்ல டிரைவரு. நான் பிரேக்கு போடுறதுக்கு முன்ன அவுக போட்டாக."

நான் மொழிபெயர்த்தேன். அன்று காலையில் புரூனோ முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

7.40, உத்தமபாளையம். ஒன்பது கிலோமீட்டர். கடைத்தெருவில் காபிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்ததும் புரூனோ சட்டென்று திரும்பினார். வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடைக்கார பாய் அப்போதுதான் அரைத்துக்கொண்டிருந்தார். எந்த மலைக் கொட்டை என்று கேட்டேன். போடி மலை என்றார். சிக்கரி கலக்காத தூளில் கொஞ்சம் டிகாஷன் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன்.

"வெறும் டிகாஷனா? வெறுவயித்துல குடிச்சா கொடலப் பொரட்டுமே தம்பி."

"அவுகளுக்கு அதுதான் பழக்கம் பாய்."

உள்ளே போய் வீட்டுப் பில்டரிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய இறக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் வெள்ளைக்காரர் டிகாஷன் குடிப்பதைப் பார்க்க நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். புரூனோ குனிந்து, கண்ணை மூடி, அந்த ஆவியை நீளமாக உள்ளிழுத்தார். அவர் முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை. குடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் நிமிர்ந்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், "அருமையான காபி. நன்றி சொல்லிவிடு," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காரில் போய் ஏறிக்கொண்டார்.

"என்ன தம்பி, வேணாங்கிறாகளா?" பாயின் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. "காசுக்கா தந்தேன்? சும்மா குடிக்கச் சொல்லுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த டிகாஷனை நானே ஒரே மூச்சில் குடித்தேன். கால் கிலோ தூள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நாக்கெல்லாம் கசந்தது.

அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர். சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். கம்பத்துக்கு வெளியே பாண்டி வண்டியை நிறுத்தி அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கினான். புரூனோ இரண்டு மூன்று பழங்களை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். லோயர் கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய தண்ணீர்க் குழாய்களைக் காட்டி அது என்னவென்று அவர் கேட்டார். மின்சாரம் எடுக்கிறார்கள் என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் வளைவுகள். ஜன்னலைத் திறந்ததும் குளிர் ஏறியது.

9.10, குமுளி. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏலக்காய், மிளகுக் கடைகள். அவற்றுக்கு நடுவில் ஒரு மாடிப்படி, மேலே சிறிய காபிக் கடை. கல்லாவுக்குப் பின்னால், வெள்ளிபோல் பளபளக்கும் இத்தாலிய எந்திரம். கடையில் வேறு யாரும் இல்லை.

"மெஷின் சூடாகணும், பத்து மினிட் ஆகும் கேட்டோ," என்றார் கடைக்கார அம்மா. ஒரு எஸ்பிரெசோ நூற்றிருபது ரூபாய். பாண்டி தனக்குச் சாயா சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். புரூனோ கடைக்கோடியில், சுவரைப் பார்த்தபடி இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார்.

மீராவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்க நான் வெளியே வராந்தாவுக்குப் போனேன். இறங்கிவிட்டது, இட்லி சாப்பிட்டாள் என்றாள் கியாரா. திரும்பக் கதவைத் தள்ளியபோது ஒரு சத்தம் கேட்டது. பீங்கானும் பீங்கானும் மோதும் சத்தம், குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் விடாமல்.

புரூனோவின் வலது கை கோப்பையைப் பிடித்திருந்தது. இடது கை அந்த வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டும் நடுங்கின. கோப்பையை அவர் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. உதட்டைக் கோப்பையிடம் கொண்டுபோனார். இரண்டு மிடறு. கீழே வைக்கும்போது மறுபடியும் அந்தச் சத்தம். பிறகுதான் என்னைப் பார்த்தார். கைகள் மேசைக்குக் கீழே போய்விட்டன.

நான் எதிரே உட்கார்ந்தேன்.

"நல்லா இருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை. கொஞ்சம் கருகியிருக்கிறது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "சின்னக் கோப்பை. பாதிதான் இருக்கும். எப்படி நடுங்கினாலும் சிந்தாது. அவ்வளவுதான் விஷயம்."

"எவ்வளவு நாளாக?"

"உங்கள் திருமணத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து. அப்போது லேசாகத்தான் இருந்தது. யாராவது பார்த்தால் அதிகமாகும். நரம்பு மருத்துவர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை தந்தார். கியாராவுக்குத் தெரியாது."

பைக்குள் கைகளை விட்டு அவர் நின்ற அந்த மதியத்தை நான் நான்கு வருடமாக எப்படியெல்லாம் புரிந்துவைத்திருந்தேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீங்கள் கோயம்புத்தூர் வரமாட்டீர்கள்."

என் நிறுவனம் கோயம்புத்தூரில் கிளை திறக்கிறது. மூன்று வருடத்துக்கு என்னை அனுப்பக் கேட்டிருந்தார்கள். ஜூன் மாதம் குடும்பத்தோடு வருவதாக முடிவுசெய்து அம்மாவிடமும் சொல்லிவிட்டோம்.

"உன் அம்மா எட்டு வருடமாகத் தனியாக இருக்கிறார்," என்றார் புரூனோ. "எனக்குச் சனிக்கிழமைதோறும் மகளும் பேத்தியும் ரயில் ஏறி வருகிறார்கள். இனி அவர் முறை என்று நினைத்தேன். அந்தப் பெரிய டம்ளரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். நான் தொட்டால் பாதி தரையில்தான் இருக்கும், எல்லாம் அன்றே தெரிந்துவிடும். பத்து நாள் எப்படியாவது கடத்திவிட்டால் போதும் என்றிருந்தேன்."

அவருடைய மறுப்பை அம்மா என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பதை அப்போதுதான் சொன்னேன். தண்ணீர், கை, கூச்சம் எல்லாவற்றையும். அவர் முகம் வெளிறிவிட்டது. "கடவுளே," என்றார். "உடனே போகலாம்."

11.40, சின்னமனூர். அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புரூனோ செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். மொழிபெயர்க்க நானும் போய் நின்றேன். அம்மாவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். ஜன்னல் வெயிலில் அவை ஆடுவது நன்றாகத் தெரிந்தது.

அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீரை ஒட்டிய தன் கைகளால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்காகவாண்ணே இம்புட்டுப் பாடுபட்டீக?" பிறகு என்னிடம், "வலிக்குதான்னு கேளு," என்றார்.

கேட்டேன். இல்லை என்றார் புரூனோ.

மீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் கியாரா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. "தெரியும் அப்பா," என்றாள். "முழுசாகத் தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். கேட்கத்தான் பயமாக இருந்தது." குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவர் கைகளை விடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அம்மா பாதி டம்ளர்தான் ஊற்றினார். அதிலும் கொஞ்சம் பாயில் சிந்தியது. துடைத்துவிட்டு மீதியை ஊற்றினார். உத்தமபாளையத்துத் தூள் நன்றாக இருப்பதாகச் சொன்னார் புரூனோ. சாப்பாடு கூடத்திலேயே நடந்தது. அவருக்குக் கரண்டி. ஆடுகிற கரண்டியைப் பார்த்து மீரா சிரித்தாள். யாரும் அவளை அதட்டவில்லை. அவரும் சிரித்தார்.

கோயம்புத்தூரைப் பற்றி நானும் கியாராவும் மூன்று நாள் பேசாமலே இருந்தோம். நான்காம் நாள் அம்மாவே எடுத்தார்.

"அந்த வேலைய வேணாம்னு சொல்லிரு."

"அம்மா, நீங்க..."

"எனக்கு என்ன? நல்லாத்தான இருக்கேன். இங்கன கூப்பிட்டா ஓடிவர தெருவே இருக்கு. அங்கன அவுகளுக்கு யாரு இருக்கா? சட்டைப் பித்தானு போட்டுக்கிற முடியுதான்னு பாக்க ஒரு ஆளு வேணாமா?"

இதைப் புரூனோவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். தான் சொன்னதன் நோக்கமே அதுவல்ல என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அண்ணன் சும்மா இருக்கட்டும், இது எங்க வீட்டு முடிவு," என்றார். அன்றிரவே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன்.

பத்தாம் நாள் காலை 9 மணி. மதுரை விமான நிலையத்துக்குப் பாண்டியின் காரிலேயே கிளம்பினோம். சின்னமனூரிலிருந்து நூறு கிலோமீட்டர். அம்மா மதுரைக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து புரூனோவிடம் பேசினார்.

"எம் மகன ஒங்ககிட்ட விட்டிருக்கேன். ஒங்கள அவன்கிட்ட விட்டிருக்கேன். ரெண்டு பேரும் சண்ட போடாம இருங்க."

வண்டி நகர்ந்துவிட்டது. தேனியைத் தாண்டிய பிறகுதான் அதை இத்தாலிய மொழியில் சொல்ல முடிந்தது. பின்னால் மலைகள் தாழ்ந்துகொண்டே வந்தன. புரூனோ உசிலம்பட்டி வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டார்:

"உன் அம்மா காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?"

"ஐந்தரைக்கு. ஏன்?"

"போன் செய்யலாம் என்றுதான்."

"அப்போது இத்தாலியில் இரவு ஒரு மணி."

"பரவாயில்லை," என்றார். "அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருக்கிறேன்."