மீட்டரக்கா நிரப்பிய படிவங்கள்

என் நாத்தனாரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்தவள். எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. வீடு பூட்டியிருந்தால் முந்தைய அளவுகளைப் பார்த்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். அந்த வேலையில் அது தப்பில்லை. அடுத்த முறை சரியாகிவிடும்.

பிறகு, தானாகவே அளவை அனுப்பும் மீட்டர் வந்தது. எட்டு மாதம் அவள் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்து என் உயிரை வாங்கினாள். அப்போதுதான் இந்தத் திட்டம் வந்து சேர்ந்தது. தெருவுக்கே பொதுவாகச் சோலார் பலகைகள், ஒரு பெரிய பேட்டரி. தேவை கூடும் நேரத்தில், சம்மதித்த வீடுகளுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் நிற்கும். மக்களே முன்வந்து, வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று படிவத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதிகாரிகள் சொன்னால் யார் கேட்பார்கள்? மீட்டரக்காவைப் பிடித்தார்கள்.

அவள் முகத்தில் மறுபடி களை வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அன்றிலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

"தெருவே ஒத்துக்கிச்சு, நீங்க ஒருத்தர்தான் அண்ணி அடம்பிடிக்கிறீங்க" என்று சிரித்தாள்.

தெரு ஒத்துக்கொண்ட லட்சணத்தை நானே கண்ணால் பார்த்தேன். தையல்காரர் கடையில், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"மிச்சத்த நீங்களே நிரப்பிக்குங்கக்கா. எங்க வீட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

அன்று மாலையே எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினாள். ஒரு ஃப்ரிட்ஜ், இரண்டு தையல் மெஷின். நிற்காமல் ஓட வேண்டிய மருத்துவக் கருவி உண்டா என்ற கேள்விக்கு, இல்லை.

"ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வாயேன்" என்றேன்.

"எட்டு மாசத்துல என்ன அண்ணி மாறிடப் போகுது?"

முதல் நிறுத்தம் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. மண்டை பிளக்கும் வெயில். திட்ட அலுவலகத்தில் இன்ஜினியர் என் நாத்தனாருக்குப் பெருமையாகத் திரையைக் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஓடும் மின்சாரத்துக்கு ஒரு கோடு. தையல்காரர் வீட்டுக் கோட்டைப் பார்த்ததும் இவளுக்குக் குப்பென்று வியர்த்ததாம்.

"ஃப்ரிட்ஜ்னா ஓடும், நிக்கும். இது ராப்பகலா நிக்காம ஓடுதே! சார், இந்த வீட்ட விட்டுடுங்க."

"ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இப்ப மாத்த முடியாதும்மா. இன்னும் நாலு நிமிஷத்துல அதுவா நின்னுடும்."

அவள் ஓடி வருவதை வாசலிலிருந்து பார்த்தேன். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. என்ன ஏது என்று கேட்காமல் நானும் பின்னால் ஓடினேன். பாதி வழியில் தெருவின் சத்தமெல்லாம் ஒரேயடியாக அடங்கியது.

தையல்காரரின் பின்னறையில் அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதமாக நுரையீரல் சரியில்லையாம், எங்களுக்கு எங்கே தெரியும்? மூக்கில் குழாய். பக்கத்தில் நின்றுபோன ஆக்சிஜன் மெஷின் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. அவள் உதடு நீலமாகியிருந்தது.

தையல்காரருக்கு இவளைக் கண்டதும் உயிர் வந்தது. "நல்லவேளை வந்தீங்கக்கா! எப்ப வரும்? இதுக்குன்னு தனியா ஏதாச்சும் எழுதியிருப்பீங்கல்ல?"



"நாற்காலியோட தூக்குங்க! எங்க வீட்டுல கரண்ட் இருக்கு" என்று கத்தினேன்.

எங்கள் கூடத்தில் மெஷின் ஓட ஆரம்பித்து, அந்தப் பெண்ணின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. தையல்காரர் என் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றி சொன்னார், பாவி மனுஷன்.

அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "இப்படி எத்தன வீட்டுக்கு நெனவுலயே நிரப்பின?"

விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கையும் முடிந்தது. மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினாள். மணி இரண்டே கால்தான் ஆகியிருந்தது; கரண்ட் திரும்பி வர நாலு மணி ஆகும்.

எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே ஓடி, எதிர்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள். யாரும் திறக்கவில்லை.